ஆடியில சொல்ல வேண்டியத தையில சொன்னீங்க: எங்க கோயில் கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்

கமிட்டி தலைவர் ஐயாவுக்கும், செகரட்டரி அண்ணனுக்கும், பர்சரி (படிப்பு உதவித்தொகை) சப்கமிட்டில இருக்குற எல்லாருக்கும்,

போன ஞாயித்துக்கிழமை பூஜை முடிஞ்சு வெளிய வரும்போது நோட்டீஸ் போர்டுல ஒட்டியிருந்த பேப்பர வாசிச்சேன். இந்த வருஷத்துல இருந்து கோயில் பர்சரி யூனிவர்சிட்டி டிகிரிக்கு மட்டும்தான், நர்சிங் சர்டிஃபிகேட், டிப்ளமா, "இதர குறுகிய கால படிப்பு" எதுக்கும் கிடையாதுன்னு போட்டிருக்கு. அந்த போர்டுக்கு நாலடி தள்ளி அதே சுவத்துல காவடிக்கு நன்கொடை குடுத்தவங்க பேனர் இன்னும் அவுக்காம தொங்குது, அதுல இருக்குறதுலயே பெரிய எழுத்து ஒரு பிரைவேட் நர்சிங் காலேஜ் பேருதான். நர்சிங் படிக்குற பிள்ளைக்கு பத்து காசு குடுக்க மாட்டீங்க, ஆனா கடன வாங்கியாவது நர்சிங் படின்னு சொல்றவங்க காசு மட்டும் கோயிலுக்கு ஆகும். இத வாசிச்சா கோவம் வரும்னு தெரியும். வரட்டும், எனக்கும் வந்துச்சு.

இத தமிழ்ல எழுதுறதுக்கு ஒரு காரணம் இருக்கு. கமிட்டில பாதிப் பேருக்கு தமிழ் வாசிக்க வராது, ஆனா போன வருஷாந்தரப் பொதுக்கூட்டத்துல (ஏஜிஎம்) "நம்ம பிள்ளைங்க தமிழ மறந்துட்டாங்க"ன்னு இருபது நிமிஷம் இங்கிலீஷ்ல பேசினது நீங்கதான். வாசிக்கத் தெரிஞ்சவங்க பக்கத்துல உக்காந்து மத்தவங்களுக்கு வாசிச்சுக் காட்டுங்க. இங்கிலீஷ் காப்பி ஒண்ணும் செகரட்டரி அண்ணன் கையில குடுத்துட்டேன், புரியலன்னு யாரும் சொல்லிரக்கூடாதுல்ல.

நான் மதுரைப் பக்கம், 1997ல கல்யாணம் ஆகி தென்னாப்பிரிக்கால டர்பன் பக்கத்துல இந்த சாட்ஸ்வொர்த்துக்கு வந்தவ. 2001ல நர்சிங்ல சேந்தேன், இன்னைக்கு வரைக்கும் வார்டுலதான் நிக்குறேன், பாதி வருஷம் நைட் ஷிஃப்ட். அதனால இது பேப்பர்ல படிச்சிட்டு வந்து பேசுற பேச்சு இல்ல.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, 2024 தைப்பூசக் காவடி அன்னைக்கு நடந்தத உங்களுக்கு ஞாபகப்படுத்துறேன். என் கொழுந்தனார் பொண்ணு மெட்ரிக் (பன்னெண்டாங் கிளாஸ்) பாஸ் பண்ணினா பால்குடம் எடுக்குறேன்னு வேண்டிருந்தா, எடுத்தா. டர்பன் வெயில், அந்தப் புழுக்கம், அலகு குத்தினவங்களுக்கு விசிறிக்கிட்டே நாங்க பின்னாடி வர்றோம், மைக்ல நீங்க பேசிக்கிட்டே இருக்கீங்க. என்டி நம்பர் வெள்ளை கொரோலா ஒண்ணு கேட்ட மறிச்சுக்கிட்டு நிக்குது உடனே எடுங்க, அன்னதானம் பன்னெண்டு மணிக்கு, அதே மூச்சுல, நர்சிங் படிச்சா நூத்துக்கு நூறு வேலை, கவர்மென்ட் சம்பளம் மாசம் பதிமூவாயிரம், மெட்ரிக் முடிச்ச பிள்ளைங்க சன்னதிக்கு வலப்பக்கம் இருக்குற நீலக் கூடாரத்துக்கு போங்க. சொன்னது காலேஜ்காரன் இல்ல. நம்ம கோயில் மைக்கு, நம்ம கமிட்டி குரல்.

அந்தக் கூடாரத்துல ஒரு பொம்மைக்கு பிபி பட்டை கட்டி படுக்க வச்சிருந்தாங்க, பிள்ளைங்களுக்கு ஓசில பேனா, ஓசில பிபி செக். அதுக்கு அடுத்த கூடாரம் லோன்காரங்க. ஐடியும் மூணு மாச பேஸ்லிப்பும் இருந்தா பத்து நிமிஷத்துல அப்ரூவல். எங்க பொண்ணு பால்குடத்த இறக்கி வச்சுட்டு, மஞ்சள் பூசின கைய கூட கழுவாம அந்த லோன் ஃபார்ம்ல கையெழுத்து போட்டா. அந்தக் காப்பி இப்பவும் வீட்டுல இருக்கு, கீழ் ஓரத்துல பெருவிரல் ரேகை மஞ்சளா அப்படியே பதிஞ்சிருக்கு. அடுத்த நாளு அவ அப்பா, மொபேனில வேர்ஹவுஸ்ல வேலை பாக்குற மனுசன், தன் பேஸ்லிப்ப கொண்டுபோய் லோன் எடுத்தாரு. கோயில்ல சொன்னாங்கல்லன்னு சொல்லிட்டுத்தான் போனாரு. நான் அன்னைக்கு நைட் ஷிஃப்ட் முடிச்சு தூங்கிட்டு இருந்தேன். அது என் தப்பு, அத உங்க தலையில கட்டல.

இப்ப கணக்குக்கு வர்றேன். இத அவளும் நானும் போன மாசம் ராத்திரி கிச்சன் டேபிள்ல உக்காந்து நம்ம கோயில் காலண்டர் தாளோட பின்பக்கத்துல போட்டது. அவ அனுமதியோடதான் எழுதுறேன், பேரு மட்டும் வேணாம்னுட்டா.

அவ படிச்சது ஒரு வருஷ ஹையர் சர்டிஃபிகேட், முடிச்சா ஆக்ஸிலரி நர்ஸ். நர்சிங் கவுன்சில்ல பதிவு பண்ணக்கூடிய முறையான கோர்ஸ்தான், அத நான் குறை சொல்லல. ஃபீஸ் 58,000 ராண்ட். யூனிஃபார்ம், வெள்ளை ஷூ, புஸ்தகம், ரெஜிஸ்ட்ரேஷன், பரீட்சை அது இதுன்னு இன்னொரு 14,000. ஆக 72,000. முழுசும் லோன், 21 சதவீத வட்டி, 36 மாசம். மாச தவணை சர்வீஸ் ஃபீயோட சேத்து 2,780, இன்ஷூரன்ஸ கணக்குலயே எடுக்கல. 36 மாசத்துக்கு பெருக்கிப் பாருங்க, ஒரு லட்சத்த தாண்டிருது. எழுபத்தி ரெண்டாயிரத்துக்கு ஒரு லட்சம்.

2024 கடைசில படிப்பு முடிஞ்சது. ரிசல்ட்டு, கவுன்சில் பேப்பரு, அப்புறம் வேலை தேடுறதுன்னு அலைஞ்சு முதல் ஷிஃப்ட் போனது 2025 ஜூன் கடைசில. லோன்காரன் அதுக்கெல்லாம் காத்துக்கிட்டு இருப்பானா, முதல் டெபிட் ஆர்டர் 2024 மார்ச்லயே ஓடிருச்சு. அவ ஒரு ராண்ட் சம்பாதிக்குறதுக்கு முன்னாடியே அவ அப்பா சம்பளத்துல இருந்து பதினாறு தவணை போயாச்சு, 44,480 ராண்ட்.

கவர்மென்ட் போஸ்ட் கிடைக்கல. ஆக்ஸிலரி நர்ஸுக்கு உண்டான நர்சிங் அசிஸ்டண்ட் போஸ்ட் ஒண்ணு விளம்பரம் வந்துச்சு, எங்க வார்டுல தெரிஞ்ச பொண்ணுங்களே ஒம்பது பேர் அதுக்கு அப்ளை பண்ணாங்க, அப்ப வெளிய எத்தன பேர்னு நீங்களே நினைச்சுக்கோங்க. ஒரு வருஷ சர்டிஃபிகேட்காரிய விடுங்க, நாலு வருஷம் டிகிரி படிச்சு, அதுக்கப்புறம் கட்டாயமா செய்ய வேண்டிய கம்யூனிட்டி சர்வீஸும் முடிச்ச நர்ஸுங்களே போஸ்ட் இல்லாம அட்டையப் பிடிச்சுக்கிட்டு ரோட்டுல நிக்குறத டிவில நீங்களும் பாத்திருப்பீங்க. வார்டுல ஆளு பத்தல, நான் ஒருத்தி ரெண்டு பேர் வேலை பாக்குறேன், ஆனா போஸ்ட நிரப்ப பட்ஜெட் இல்லைங்கிறான். நர்ஸ் பற்றாக்குறைன்னு சொல்றதும் உண்மை, நர்ஸுக்கு வேலை இல்லைங்கிறதும் உண்மை. அந்தக் கூடாரத்துல முதல் பாதிய மட்டும்தான் சொன்னாங்க.

கடைசில ஏஜென்சி மூலமா ஒரு முதியோர் இல்லத்துல கிடைச்சது. மணிக்கு 38 ராண்ட். பன்னெண்டு மணி நேர ஷிஃப்ட், மாசத்துக்கு 15 ஷிஃப்ட் கிடைச்சா அது நல்ல மாசம். 6,840 ராண்ட். யூஐஎஃப் (வேலையில்லாதோர் காப்பீடு) 68 பிடிச்சது போக 6,772. இப்ப தவணைய அவ கட்டுறா, 2,780. மினிபஸ் டாக்சி போக ரெண்டு வர ரெண்டு, ஷிஃப்டுக்கு 88, மாசம் 1,320. மிச்சம் 2,672. அதுலதான் சாப்பாடு, ஏர்டைம், கவுன்சிலுக்கு கட்டுற வருஷ ஃபீஸ், தேஞ்சு போன வெள்ளை ஷூவுக்கு பதில் ஷூ.

இதுவரைக்கும் கஷ்டக் கதை, எல்லா வீட்டுலயும் உள்ளதுதான்னு தள்ளிட்டுப் போகலாம். அந்தத் தாள்ல கடைசியா போட்ட கணக்குலதான் எனக்கு தூக்கம் போச்சு. அதே இல்லத்துல, அதே காரிடார்ல, எந்த சர்டிஃபிகேட்டும் இல்லாம ஒரு பொண்ணு வேலை பாக்குது, குளிப்பாட்டுறது, ஊட்டி விடுறது, நேப்பி மாத்துறது, 2025 மார்ச்ல வந்த சட்டப்படி குறைஞ்ச கூலி மணிக்கு 28.79. அதே 180 மணி நேரத்துக்கு 5,182 ராண்ட். அப்ப எங்க பொண்ணோட சர்டிஃபிகேட் அவளுக்கு மாசம் கூடுதலா சம்பாதிச்சுக் குடுக்குறது 1,658 ராண்ட். அந்த சர்டிஃபிகேட்டுக்கு அவ மாசம் கட்டுறது 2,780.

லோன் முடிஞ்ச பிறகு அந்த 1,658 அவளுக்குன்னு நிக்கும்ல, சரி. ஆனா கட்டின ஒரு லட்சம் அந்த 1,658 வழியா திரும்பி வர்றதுக்கு அவ அஞ்சு வருஷம் உழைக்கணும். கவர்மென்ட் போஸ்ட் கிடைச்சிருந்தா கதையே வேற: 2025 ஏப்ரல் டேபிள்படி நர்சிங் அசிஸ்டண்ட் கிரேடு ஒண்ணுக்கு வருஷம் 1,74,261, மாசம் பதினாலாயிரத்து ஐநூறு சொச்சம், போட்ட காசு பதினோரு மாசத்துல வந்துரும். ஒரே படிப்பு, ஒரே ஃபீஸ். ஒரு பக்கம் பதினோரு மாசம், இன்னொரு பக்கம் அஞ்சு வருஷம். நீங்க மைக்ல சொன்னது முதல் கணக்கு, வீட்டுக்கு வந்தது ரெண்டாவது கணக்கு.

நர்சிங் வேணாம்னு நான் சொல்றேன்னு எடுத்துக்கிட்டீங்கன்னா இதுக்கு மேல வாசிக்காதீங்க. இந்த வேலைதான் என் ரெண்டு பிள்ளைங்களயும் படிக்க வச்சுது. ஆனா நான் படிச்ச விதம் வேற. 2001ல நான் பியூபில் நர்ஸா, அதாவது பயிற்சி நர்ஸா, ஒரு ஆஸ்பத்திரி ட்ரெயினிங் ஸ்கூல்ல சேந்தப்ப எனக்கு மாசம் 1,800 ராண்ட் அவங்க குடுத்தாங்க. நான் குடுக்கல, அவங்க குடுத்தாங்க. ஏன்னா படிக்குற பிள்ளைதான் காலைல ஆறு மணிக்கு பெட் போடுது, டெம்பரேச்சர் எடுக்குது, பெட்பேன் கழுவுது. வேலைன்னா கூலி. ஆக்ஸிலரில இருந்து அடுத்த படியான என்ரோல்டு நர்ஸ், அங்க இருந்து மேல ஏத்துற பிரிட்ஜிங் கோர்ஸ் பண்ணி சிஸ்டர்னு சம்பளம் வாங்கிக்கிட்டே படிப்படியா ஏறினவங்க நிறைய பேரு. எங்க மேட்ரனே அப்படி ஏறினவங்கதான். நான் பிள்ளைங்க சின்னதுன்னு பிரிட்ஜிங்க தள்ளித் தள்ளிப் போட்டேன், 2019 கடைசியோட பழைய கோர்ஸ்களுக்கெல்லாம் புதுசா ஆள் எடுக்குறத நிறுத்திட்டாங்க, படிக்கட்டையே எடுத்துட்ட மாதிரி ஆகிருச்சு. இப்ப அதே பெட்பேனத்தான் எங்க பொண்ணும் கிளினிக்கல் ட்ரெயினிங்னு கழுவினா, காசு குடுத்து கழுவினா. அடுத்த படிக்கு ஏறணும்னா மறுபடி முதல்ல இருந்து சீட்டுக்கு அலைஞ்சு, மூணு வருஷ டிப்ளமாவுக்கு மறுபடி ஃபீஸ் கட்டணும்.

இத மாத்துறது கவுன்சிலும் கவர்மென்ட்டும் பண்ண வேண்டியது, உங்களால ஆகாது, அது தெரிஞ்சுதான் எழுதுறேன். உங்களால ஆகுறத மட்டும்தான் கேக்கப்போறேன்.

அதுக்கு முன்னாடி பக்கத்து வீட்டுக் கதைய ரெண்டு வரில சொல்லிர்றேன். விதவைத் தாய், ஒரே பையன், "நர்சிங் அசிஸ்டண்ட்"னு சொல்லி 24,000 ராண்ட் வாங்கிட்டு எட்டு மாசம் வகுப்பு நடத்தினாங்க (இது வேற இடம், நம்ம பேனர்ல உள்ளது இல்ல), கடைசில கையில வந்தது வீட்டுல வயசானவங்களப் பாத்துக்குற பராமரிப்பு சர்டிஃபிகேட். நர்சிங் கவுன்சில்ல இத பதிவு பண்ண முடியாது, இது நர்சிங்கே இல்லன்னுட்டாங்க. அந்தம்மா என்கிட்டத்தான் கொண்டு வந்து காட்டுச்சு. நல்ல தடிமனான பேப்பர், தங்கக் கலர் சீல். அந்தம்மா அத பிளாஸ்டிக் கவருக்குள்ள போட்டு வச்சிருந்துச்சு, நான் எப்படி சொல்றது.

இப்ப உங்க தீர்மானத்துக்கு வர்றேன். சப்கமிட்டில ஒரு அண்ணன்கிட்ட ஏன் இப்படின்னு கேட்டேன். "நர்சிங்னா சட்டுனு வேலைக்குப் போயிருவாங்க, டாக்டருக்குப் படிக்குற பிள்ளைக்குத்தான் ஆறு வருஷம், அதுக்குத்தான் உதவி வேணும்" அப்படின்னாரு. நல்ல மனசோடதான் சொன்னாரு, ஆனா தலைகீழா இருக்கு. வீட்டு வருமானம் வருஷம் 3,50,000க்கு கீழ உள்ள பிள்ளை பப்ளிக் யூனிவர்சிட்டில டாக்டருக்குப் படிச்சா என்எஸ்ஃபாஸ் (கவர்மென்ட்டோட மாணவர் நிதி உதவித் திட்டம்) பணம் கிடைக்கும், 2018ல இருந்து புதுசா சேந்தவங்களுக்கு அது திருப்பிக் கட்டத் தேவையில்லாத பணம். அதே வீட்டுப் பிள்ளை பிரைவேட் நர்சிங் காலேஜ்ல சேந்தா என்எஸ்ஃபாஸ் ஒரு சதம் குடுக்காது, பிரைவேட்டுக்கு அது கிடையவே கிடையாது. கவர்மென்ட் பணம் எட்டுற பிள்ளைக்கு கோயிலும் குடுக்குது, எட்டாத பிள்ளைய லோன்காரன்கிட்ட அனுப்புது.

போன வருஷம் ஆறு பிள்ளைங்களுக்கு ஆளுக்கு 15,000 குடுத்தீங்க, நல்ல காரியம், நானும் கை தட்டினேன். அந்த 15,000 எங்க பொண்ணு கையில 2024 தையில இருந்திருந்தா லோன் 72,000க்கு பதில் 57,000. தவணைல மாசம் 565 குறையும், மூணு வருஷத்துல இருபதாயிரத்து முந்நூறுக்கு மேல. நீங்க குடுக்குற பதினஞ்சு அவ வீட்டுல இருபதா நிக்கும், ஏன்னா அங்க இருக்குறது 21 சதவீத வட்டி. டிகிரி பிள்ளைக்கு குடுக்காதீங்கன்னு சொல்லல. நர்சிங்க வெட்டாதீங்கன்னு சொல்றேன்.

இன்னொண்ணும் கேக்கணும். அவளுக்கு லைஃப் சயின்ஸ்ல 68 மார்க், இங்கிலீஷ்ல 71. யூகேஇசட்என் (க்வாசுலு-நடால் யூனிவர்சிட்டி), டியூடி (டர்பன் டெக்னாலஜி யூனிவர்சிட்டி) ரெண்டுலயும் நர்சிங் டிகிரி இருக்கு, மாகாண சுகாதாரத் துறையே நடத்துற நர்சிங் காலேஜ் இருக்கு. அவ எதுக்கும் அப்ளை பண்ணல. சீட் கிடைச்சிருக்கும்னு நான் சூடம் அணைச்சு சத்தியம் பண்ண மாட்டேன், போட்டி அப்படி. ஆனா யூனிவர்சிட்டில கிடைச்சிருந்தா என்எஸ்ஃபாஸ் பணம், படிப்பு முடிச்சு போஸ்ட் அமைஞ்சா ப்ரொஃபஷனல் நர்ஸ் சம்பளம், அதே 2025 டேபிள்ல வருஷம் 3,24,384. ஏன் அப்ளை பண்ணலன்னு கேட்டேன். "எனக்கு யாரும் சொல்லலயே பெரியம்மா, காவடி அன்னைக்குத்தான் எல்லாத்தையும் கேட்டேன்"னா. காவடி தையில வருது. யூனிவர்சிட்டிக்கு சீஏஓ (எல்லாத்துக்கும் பொதுவான அப்ளிகேஷன் ஆபீஸ்) வழியா போடுற அப்ளிகேஷன் முந்தின செப்டம்பர் 30லயே மூடிரும். தையில தொறந்திருக்குறது பிரைவேட் காலேஜ் கதவும் லோன்காரன் கதவும்தான், அதனாலதான் அவங்க தையில வந்து கூடாரம் போடுறாங்க. அவங்களுக்கு நாள் பாக்கத் தெரிஞ்சிருக்கு, நமக்குத் தெரியல, பஞ்சாங்கம் நம்மகிட்ட இருக்கு.

ஆடிப்பட்டம் தேடி விதைன்னு எங்க ஊர்ல சொல்லுவாங்க. ஆடியில இங்க அம்மனுக்கு கூழ் ஊத்துறோம், ஊரே வருது, மெட்ரிக் படிக்குற பிள்ளைங்க தூக்குச்சட்டியோட வரிசைல நிக்குது. புரட்டாசி சனிக்கிழமைக்கும் அதே கூட்டம். அப்ப அந்த மைக்ல யாராவது ஒரு நிமிஷம் பேசியிருந்தா என் கொழுந்தனார் அந்த பேஸ்லிப்ப தூக்கிட்டுப் போயிருக்க மாட்டாரு.

வருஷா வருஷம் நவம்பர் 16 விழாவுல நீங்க பேசுறத நானும் கேக்குறேன். 1860ல ட்ரூரோ கப்பல்ல மெட்ராஸ்ல இருந்து வந்தவங்க, மாசம் பத்து ஷில்லிங் கூலிக்கு, என்ன எழுதியிருக்குன்னு தெரியாத காகிதத்துல கைநாட்டு வச்சாங்கன்னு தலைவர் ஐயா சொல்லும்போது குரல் தழுதழுக்கும், பொய்யில்ல, நெஜமாவே கண்ணு கலங்கும். எங்க வீட்டுல இருக்குற அந்த மஞ்சள் ரேகை ஃபார்ம ஒரு தடவை வந்து பாருங்க ஐயா. அதுலயும் வட்டி விவரம் பின்பக்கத்துல பொடி எழுத்துலதான் இருக்கு.

நீங்க செய்யுற நல்லத நான் மறக்கல. என் மாமியார் தவறினப்ப ஹால குடுத்து சாப்பாடும் போட்டது இந்தக் கமிட்டிதான், லாக்டவுன்ல வீடு வீடா ஹாம்பர் கொண்டு போனது இந்தக் கமிட்டிதான். அதனாலதான் ஜனங்க உங்க மைக்க நம்புறாங்க. அந்த நம்பிக்கைய ஒரு கூடாரத்து வாடகைக்கு குடுத்துட்டீங்க, எவ்வளவுக்குன்னு கூட எங்களுக்குத் தெரியாது.

அதனால கேக்குறேன்.

நோட்டீஸ் போர்டுல உள்ள தீர்மானத்த வாபஸ் வாங்குங்க. நர்சிங் கவுன்சில்ல பதிவு பண்ணக்கூடிய எந்தப் படிப்பா இருந்தாலும், ஒரு வருஷ சர்டிஃபிகேட்டோ மூணு வருஷ டிப்ளமாவோ, பர்சரிக்கு அப்ளை பண்ணலாம்னு போடுங்க. ஆறுல ரெண்டு அவங்களுக்குன்னு ஒதுக்கினாக்கூட போதும், அதுவும் பிப்ரவரில ஃபீஸ் கட்டுற நேரத்துல கையில கிடைக்கணும், தீபாவளி மேடைல ஃபோட்டோ எடுத்துக்கிட்டு குடுக்குறதுக்குள்ள லோன் ஓடிரும்.

இனிமே எந்த காலேஜ் வந்து கூடாரம் போடணும்னாலும் மூணு பேப்பர் கேளுங்க: உயர்கல்வித் துறைல பதிவான சர்டிஃபிகேட், சிஹெச்இ (உயர்கல்வி கவுன்சில்) அங்கீகாரம், நர்சிங் கவுன்சில் அந்தக் குறிப்பிட்ட கோர்ஸுக்கு குடுத்த அங்கீகாரம். காலேஜுக்கு இருந்தா பத்தாது, அந்தக் கோர்ஸுக்கு இருக்கணும், ஏமாத்துறவன் அங்கதான் ஏமாத்துறான். கவுன்சில்ல ஒரு ஃபோன் பண்ணிக் கேட்டா தெரிஞ்சிரும், நான் பண்ணிக் குடுக்குறேன். அதோட கூடாரத்து வாசல்லயே ஒரு அட்டை வைக்கச் சொல்லுங்க, மொத்த செலவு எவ்வளவு, போன வருஷம் முடிச்ச பிள்ளைங்கள்ல எத்தன பேர் இப்ப நர்ஸா வேலைல இருக்காங்க, ஏஜென்சில மணிக்கு எவ்வளவு. சொல்ல மாட்டேன்னா வராதீங்கன்னு சொல்லிருங்க.

லோன்காரங்க கோயில் கேட்டுக்குள்ள வரவே கூடாது. இதுல நான் பேரம் பேசத் தயாரா இல்ல.

இந்த வருஷம் ஆடிக் கூழ் அன்னைக்கு எனக்கு ஒரு மேசையும் நாலு நாற்காலியும் குடுங்க. நானும், எனக்குத் தெரிஞ்ச ரெண்டு ரிட்டையர்டு சிஸ்டரும், எங்க பொண்ணும் உக்காந்துக்குறோம். சீஏஓ ஃபார்ம் எப்படிப் போடுறது, என்எஸ்ஃபாஸுக்கு என்னென்ன பேப்பர் வேணும், மாகாண காலேஜ் விளம்பரம் எங்க வரும்னு சொல்றோம், அந்தக் காலண்டர் தாள்ல போட்ட கணக்கையும் பெருசா எழுதி ஒட்டுறோம். புரட்டாசி முதல் சனிக்கிழமை மறுபடி வர்றோம், போடாதவங்கள அங்கேயே உக்கார வச்சு போட வச்சிரலாம். செலவு உங்களுக்கு ஒண்ணும் இல்ல.

2024ல இருந்து அந்த காலேஜும் லோன்காரங்களும் கோயிலுக்கு எவ்வளவு குடுத்தாங்கன்னு ஏஜிஎம் கணக்குல தனி வரியா காட்டுங்க. "இதர நன்கொடை"ல கலக்காதீங்க. உங்க கையில மனசாட்சியோட ஒரு பங்கு மிச்சம் இருந்தா, அந்தப் பணத்த இந்த வருஷ நர்சிங் பர்சரிக்கு மாத்தி விடுங்க. எங்க பொண்ணுக்கு வேணாம், அவளுக்கு இன்னும் பன்னெண்டு தவணைதான், கட்டிருவா. அடுத்த தைக்கு பால்குடம் எடுக்கப்போற பிள்ளைக்கு குடுங்க.

அடுத்த மாசம் ஏஜிஎம்க்கு முன்னாடி எழுத்துல பதில் வேணும், தமிழோ இங்கிலீஷோ. அன்னைக்கு எனக்கு நைட் ஷிஃப்ட், காலைல ஏழு மணிக்கு முடிச்சு யூனிஃபார்மோட நேரா கோயிலுக்கு வந்துருவேன். எங்க பொண்ணுக்கும் அன்னைக்கு ஷிஃப்ட் இல்ல, அவளும் அந்த ஃபார்ம எடுத்துக்கிட்டு வர்றா. முன்வரிசைல இடம்லாம் வேணாம், மைக்க மட்டும் ஒரு ரெண்டு நிமிஷம் எங்க கையில குடுங்க.

இப்படிக்கு,
உங்க கோயிலுக்கு இருபத்தெட்டு வருஷமா வர்ற ஒரு ஸ்டாஃப் நர்ஸ்,
சாட்ஸ்வொர்த்